தங்கம் விளையாத கரைக்குத் தங்கம் வந்த வழி

கீழக்கரையைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: நம் ராமநாதபுரம் கடற்கரை மண்ணில் குந்துமணி அளவு தங்கம்கூடக் கிடைப்பதில்லை, இருந்தும் கல்யாணப் பேச்சை எடுத்தால் எத்தனை பவுன் என்பதுதான் முதலில் வருகிறது. உலகத்தில் இத்தனை மக்களும் தங்கத்துக்கு இப்படி மதிப்புக் கொடுத்தது ஏன்? நம் ஊருக்கு அது எப்படி வந்து சேர்ந்தது?

தங்கம் அரிதானது, அழகானது, துருப்பிடிக்காதது என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அதில் பிழை இல்லை. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி செதில் செதிலாக உதிர்கிற ஊரில் வாழ்கிறவர்களுக்கு, காலமெல்லாம் வியர்வையிலும் கடல் தண்ணீரிலும் கிடந்த சங்கிலி நிறம் மாறாமல் இருப்பதன் அருமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அது உருகுவதற்கு 1,064 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கரியும் ஊதுகுழலும் வைத்திருக்கிற பத்தரால் அதை எட்டிவிட முடியும். ஒரு கிராமை அடித்து விரித்தால் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் தகடாகும். ஆனால் இந்தக் குணங்கள், ஓர் ஊரில் தங்கம் கோயில் விமானத்துக்கும் இன்னோர் ஊரில் அரசனின் கருவூலத்துக்கும் வேறோர் ஊரில் பெண்ணின் கழுத்துக்கும் ஏன் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்வதில்லை. அதை அறிய, அந்தத் தங்கம் எதற்கு ஈடாக வந்தது என்று கேட்டாக வேண்டும் என்பது என் கருத்து. சுரங்கம் இல்லாத நம் கரைக்கு இந்தக் கேள்வி இரட்டிப்பாகப் பொருந்தும்; இங்கே இருக்கும் ஒவ்வொரு பவுனும் எதையோ கொடுத்து வாங்கியதுதான்.

பழைய சான்றுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பல்கேரியாவில் கருங்கடலை ஒட்டிய வர்ணா நகரில் 1972-இல் தற்செயலாக வெளிப்பட்ட இடுகாட்டில் கிடைத்த பொன்னணிகள் ஏறத்தாழ 6,500 ஆண்டுகள் பழமையானவை. எல்லாப் புதைகுழிகளிலும் பொன் இல்லை; சிலவற்றில் மட்டும் குவிந்து கிடந்தது. எழுத்தும் நாணயமும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஒருவரை மற்றவரினும் உயர்த்திக் காட்டும் வேலையைத் தங்கம் செய்யத் தொடங்கிவிட்டது. எகிப்தியர் அதைத் தெய்வங்களின் சதை என்று கருதினார்கள். 1922-இல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமனின் கல்லறையில், உடலை வைத்திருந்த உட்பெட்டி மட்டுமே ஏறத்தாழ 110 கிலோ பொன். இருபது வயதை எட்டாமல் இறந்துபோன, பெரிதாக எதையும் சாதித்திராத ஓர் அரசனுக்கே இவ்வளவு. கிழக்குப் பாலைவனத்துச் சுரங்கங்களும் தெற்கே நூபியாவும் அந்தப் பொன்னைத் தந்தன. எகிப்து அரசனுக்கு மித்தானி நாட்டு அரசன் களிமண் பலகையில் எழுதிய கடிதம், உங்கள் நாட்டில் பொன் புழுதியைப் போல் கிடக்கிறதே, எனக்குக் கொஞ்சம் கூடுதலாக அனுப்பக் கூடாதா என்று கெஞ்சுகிறது. மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ராஜதந்திரம், கல்யாண வீட்டுப் பேரத்திலிருந்து அதிகம் வேறுபடவில்லை.

தெய்வத்துக்கும் அரசனுக்கும் உரியதாக இருந்த பொன், அன்னியரோடு கணக்குத் தீர்க்கும் பொருளாக மாறியது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த லிடியா நாட்டில். பொன்னும் வெள்ளியும் கலந்த காசுகளைக் கிறிஸ்துவுக்கு முந்தைய 7-ஆம் நூற்றாண்டில் அங்கே அடித்தார்கள்; அடுத்த நூற்றாண்டில், குரோசஸ் அரசனின் காலத்தில், தனிப் பொன்னிலும் தனி வெள்ளியிலும் காசு அடிக்கத் தொடங்கினார்கள். அதற்கு முதலில் பொன்னிலிருந்து வெள்ளியைப் பிரிக்க வேண்டும். அந்நாட்டுத் தலைநகரான சார்டிஸில் தோண்டியெடுக்கப்பட்ட பட்டறையின் எச்சங்கள் அதன் முறையைக் காட்டுகின்றன: மெல்லிய பொன் தகடுகளைச் சாதாரண உப்போடு மண்பாண்டத்தில் அடுக்கி, உருகாத அளவுக்கு நெடுநேரம் சூடாக்குவார்கள்; உப்பு வெள்ளியைப் பற்றிக்கொண்டு வெளியேற, தூய பொன் எஞ்சும். வாலிநோக்கத்தில் உப்பளம் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தச் செய்தியைக் கேட்டுக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இனி நம் கரை. தமிழகத்துக்கு ரோமானியப் பொன் வந்ததைப் பற்றி யார் பேசினாலும், யவனர் மரக்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும் என்ற அகநானூற்று அடியை எடுத்துக்காட்டுவார்கள். அது சேரநாட்டு முசிறியைப் பற்றியது. கறி என்பது மிளகு. பாண்டியநாட்டுக் கிழக்குக் கரையின் சரக்கு முத்தும் சங்கும் துணியும். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை ரோமிலிருந்து உறிஞ்சிவிடுகிறது என்று முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி புலம்பினார். அவருடைய கோபத்தில் ரோமானியச் சீமாட்டிகளின் முத்து மோகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த முத்தை எடுத்தவர்கள் யார்? அதே நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மாலுமியின் குறிப்பேடான பெரிப்ளூஸ், பாண்டியனுக்குரிய கொற்கைப் பகுதி முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாகச் சொல்கிறது. ரோமானியப் பொன்னுக்கு ஈடாகப் போனதில் ஒரு பகுதி, மூச்சடக்கிக் கடலடிக்குப் போன கைதிகளின் உயிர்.

வைகை கடலில் கலக்கும் இடத்துக்கருகே உள்ள அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் ரோமானிய மட்பாண்டங்களும், கப்பல் உருவம் கீறிய ஓடும், ரோமானியக் காசுகளும் கிடைத்தன. காசுகள் என்றவுடன் பொன் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே பேசப்படுபவை பெரும்பாலும் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செப்புக் காசுகள். பொற்காசுக் குவியலைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். 1898-இல் ஆலங்குடி அருகே கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. துறைமுகத்தில் செம்பும் உள்நாட்டில் பொன்னும் கிடைப்பதில் வியப்பு ஒன்றுமில்லை. செப்புக்காசு கை தவறி விழுந்தால் போனால் போகிறது என்று விட்டுவிடுவார்கள். பொற்காசு விழுந்தால் மணலைச் சலித்தாவது எடுத்துவிடுவார்கள். பொன் கிடைப்பதெல்லாம், யாரோ வேண்டுமென்றே புதைத்து வைத்து, எடுக்க வராமல் போன இடங்களில்தான். அந்த 501 காசுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் பேரரசனின் முகத்தின் மேல் உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. ஏன் வெட்டினார்கள் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. தேய்ந்து எடை குறைந்த காசுகளை, இனி இது காசல்ல, வெறும் பொன் என்று ஒதுக்கிய அடையாளம் அது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ரோமில் பேரரசன் முகத்துக்கு இருந்த மரியாதை இங்கே அதன் எடைக்கும் மாற்றுக்கும்தான் இருந்தது. இன்றும் கடையில் பழைய நகையைக் கொண்டுபோய் வைத்தால், அதன் வேலைப்பாட்டை யாரும் பார்ப்பதில்லை. உரைகல்லில் ஓர் இழுப்பு, அமிலம் ஒரு சொட்டு, தராசு, அவ்வளவுதான்.

நம் கரையிலிருந்து பொன் வெளியே கொட்டிய காலமும் உண்டு. அதை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் அரபுகள் மஃபர் என்று அழைத்த பாண்டியக் கரைக்கு, பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து குதிரைகள் கப்பல் கப்பலாக வந்தன. ஆண்டுக்கு 10,000 குதிரைகள், ஒவ்வொன்றுக்கும் 220 செம்பொன் தீனார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கு எழுதியிருக்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம் என்றாலும், வணிகத்தின் பருமனை அது காட்டுகிறது. அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோ, அரசன் ஓர் ஆண்டில் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினாலும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும், இங்கே குதிரைகளைப் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை என்றும் எழுதுகிறார். போர்க்குதிரை வளராத தட்பவெப்பம், குதிரை இல்லாமல் நடக்காத போர், முத்தும் துணியும் விற்றுச் சேர்ந்த பொன் என்ற இந்த மூன்றும் சேர்ந்ததால், ஒரு கப்பலில் வந்த தங்கம் அடுத்த கப்பலில் வளைகுடாவுக்குப் போனது. கீழக்கரைக்காரர்கள் வளைகுடாவிலிருந்து தங்கம் கொண்டுவந்த இருபதாம் நூற்றாண்டை இதனோடு வைத்துப் பார்த்தால், எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு எதிர்த்திசையில் கணக்குத் தீர்ந்ததாகச் சொல்லத் தோன்றுகிறது.

எஞ்சிய பொன் கோயிலுக்குப் போயிற்று. 1251-இல் பட்டமேறிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் திருவரங்கம் கோயிலுக்குப் பொன் வேய்ந்தான். அதனாலேயே 'கோயில் பொன் மேய்ந்த பெருமாள்' என்று பெயர் பெற்றான். கோயில் விமானத்தில் ஏற்றிய பொன் பக்தியின் வெளிப்பாடு மட்டுமன்று. அரசன் வெற்றி கொண்ட நாடுகளின் திறை, வெயிலில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட்ட அறிக்கையும்கூட. ஊரறிய வைத்த அந்த அறிக்கையை ஊரார் மட்டுமா படித்தார்கள்? 1311-இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காஃபூர் படையெடுத்து வந்தபோது அள்ளிக்கொண்டு போனது 96,000 மணங்கு பொன் என்று டெல்லி வரலாற்றாசிரியர் பரணி எழுதிய எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கொள்ளை நடந்தது உண்மை.

ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் பொன்னை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். அவர்களுடைய செப்பேடுகளில் 'இரணியகர்ப்பயாஜி' என்ற விருதைக் காணலாம். இரணியகர்ப்பம் என்பது ஒரு தானம். பொன்னால் செய்த பெரிய பாத்திரத்துக்குள் அரசன் குறுகி அமர்வான்; அதைக் கருப்பையாகக் கொண்டு, பிறப்புக்குரிய சடங்குகளை முறையாகச் செய்வார்கள்; பிறகு அவன் பொன்னிலிருந்து மறுபடி பிறந்தவனாக வெளியே வருவான். பாத்திரத்தைத் துண்டாக்கி அந்தணர்களுக்குப் பங்கிட்டுவிடுவார்கள். மறவர் குலத்தில் பிறந்து, சேதுவின் காவலராக, ராமேசுவரம் போகும் வழிப்போக்கர்களின் பாதுகாப்பைச் சுமந்த ஒரு மரபு, சாத்திரம் ஏற்கும் அரசத் தகுதியைப் பெறுவதற்குக் கொடுத்த விலை அது. நான் அறிந்தவரை, பொன்னைக் கொடுத்துப் பிறப்பையே மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை இவ்வளவு வெளிப்படையாக வைத்திருந்த நாகரிகங்கள் மிகச் சில.

ஆப்பிரிக்காவுக்குப் போனால் ஈடு இன்னும் துலக்கமாகத் தெரியும். மாலிப் பேரரசின் மன்சா மூசா 1324-இல் ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் வாரி வழங்கிய பொன்னால் அங்கே பொன்னின் விலையே சரிந்தது. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று அரபு வரலாற்றாசிரியர் அல் உமரி எழுதினார். அந்தப் பொன்னை வாங்க வட ஆப்பிரிக்க வணிகர்கள் கொண்டுபோன சரக்குகளில் முக்கியமானது சகாராவின் தகாசாவில் வெட்டியெடுத்த பாறை உப்பு. தகாசாவுக்கு 1352-இல் போன மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, அங்கே வீடுகளும் பள்ளிவாசலும் உப்புக் கட்டிகளால் கட்டி, ஒட்டகத் தோலால் கூரை வேய்ந்திருந்ததைப் பதிவு செய்தார். சில ஆண்டுகளுக்கு முன்பு அவர் நம் கரையிலும் இருந்தவர். அவர் பத்தன் என்று குறிப்பிடும் துறைமுகம் நம் பெரியபட்டினமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருப்பது அதற்குத் துணை நிற்கிறது.

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் ஈடு என்ற பேச்சே இல்லை. பொன்னைச் சூரியனின் வியர்வையாகக் கருதிய இன்காக்களின் அரசன் அதாவல்பாவை 1532-இல் சிறைபிடித்த ஸ்பானியர், ஓர் அறை நிறையப் பொன்னைப் பிணைத்தொகையாகப் பெற்று, கலைப்பொருள்கள் அனைத்தையும் உருக்கி ஏறத்தாழ 6 டன் கட்டிகளாக்கினார்கள். அடுத்த ஆண்டு அவனைக் கொன்றும் விட்டார்கள்.

நம் வீடுகளில் தங்கத்தை அளக்கும் பவுன் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1817 முதல் பிரிட்டன் அச்சிட்ட சவரன் காசின் எடை 7.98 கிராம், 22 காரட். அதை முழுமையாக்கி 8 கிராம் என்று வைத்துக்கொண்டோம். அந்தக் காசு உலகச் சந்தையில் ஓடியபோது முக்கியமான பல நாடுகளின் நாணய மதிப்பு பொன்னில் கட்டப்பட்டிருந்தது. 1931-இல் பிரிட்டன் அந்தக் கட்டை அவிழ்த்தது. அதே சமயம் உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை படுத்துவிட, பொன்னின் ரூபாய் விலை ஏறியது. வரியும் வட்டியும் கட்ட முடியாத இந்தியக் குடியானவர்கள் வீட்டிலிருந்த நகைகளை விற்றார்கள். அந்தப் பொன் கப்பல் கப்பலாக வெளியேறியது. அமெரிக்கா 1971-இல் டாலருக்குப் பொன் கொடுப்பதை நிறுத்தியதோடு, அரசுகளின் நாணயக் கணக்கில் பொன்னுக்கு இருந்த இடம் பெருமளவு முடிந்தது. நம் வீட்டுக் கணக்கில் முடியவில்லை என்பதற்கு, 1931-இல் கைகொடுத்தது அதுதான் என்ற நினைவும் ஒரு காரணம்.

சுதந்திர இந்தியா, அன்னியச் செலாவணியைப் பொன் தின்றுவிடுகிறது என்று அஞ்சியது. வளைகுடாவில் புழங்கிய இந்திய ரூபாய் தங்கக் கடத்தலுக்குப் பயன்பட்டதால், 1959-இல் அந்தப் பகுதிக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சிட வேண்டியதாயிற்று. 1963-இல் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று விதித்தார்கள். பத்தர்களின் பட்டறைகள் படுத்தன. 1968-இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை இருந்தது. அந்த ஆண்டுகளில் பத்துத் தோலா பிஸ்கட், அதாவது 116.64 கிராம் கட்டி, கடத்தல்காரர்களுக்குப் பிடித்த வடிவம். இடுப்புத் துணியில் வரிசையாகத் தைத்துக்கொள்ள ஏற்ற அளவு. சட்டம் போனாலும் தொழில் போகவில்லை. இறக்குமதி வரி உயரும்போதெல்லாம், இலங்கையிலிருந்து வரும் படகுகளில் அதன் விளைவு தெரியும். 2023 பிப்ரவரியில் மண்டபம் அருகே, துரத்தப்பட்ட படகிலிருந்து வீசிய 17 கிலோவுக்கு மேற்பட்ட தங்கத்தைக் கடலடியிலிருந்து முக்குளித்து எடுத்தார்கள். முத்துக்கு முக்குளித்த கடலில் இப்போது கடத்தல் தங்கத்துக்கு முக்குளிக்கிறார்கள்.

முத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் கடலின் சொந்தச் செல்வம் அதுவாக இருந்தும், நம் பெண்கள் சேமித்தது பொன்னைத்தான். முத்து வியர்வையில் மங்கும். அதைப் பாதியாக வெட்டி விற்க முடியாது. ஒவ்வொன்றின் விலையையும் வியாபாரிதான் சொல்ல வேண்டும். பொன்னைக் கால் பவுனாகவும் அரைப் பவுனாகவும் சேர்க்கலாம், எந்த ஊரிலும் ஒரே நாளில் பணமாக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து நகையடகுக் கடைகளைப் பார்த்தால் இதன் பொருள் தெரியும். படகு கரையில் நிற்க, தோடும் சங்கிலியும் கடைக்குள் போகும். வலை பழுதுபார்க்க, பள்ளிக் கட்டணம் கட்ட, முதல் நடைக்கு டீசல் போட என்று அந்தப் பணம் செலவாகும். தடை முடிந்து இறால் பட்டால் நகை வெளியே வரும், படாவிட்டால் வட்டி ஏறும். வங்கி, படகை நம்பிக் கடன் கொடுக்கத் தயங்கும் இடத்தில், மனைவியின் கழுத்தை நம்பித்தான் தொழில் நடக்கிறது. ஆண்களின் தொழிலுக்குப் பெண்களின் பொன் முதலீடாகிறது என்று இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

கீழக்கரையின் வழக்கம் இதில் கவனிக்கத்தக்கது. இஸ்லாத்தில் ஆண்கள் பொன் அணிவதில்லை. ஆகவே வீட்டுப் பொன் முழுவதும் பெண்களிடமே தங்கும். நிக்காஹ்வில் கட்டுவது கருகமணி. மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டியது மஹர். ஏறத்தாழ 87 கிராமுக்கு, அதாவது சற்றேறக்குறைய 11 பவுனுக்கு மேல் ஓராண்டு கைவசம் இருந்தால், நூற்றுக்கு இரண்டரை வீதம் ஜகாத் என்ற கட்டாய தருமம் உண்டு. அணியும் நகைக்கும் அது கடமையா என்பதில் இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளான மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. மஹர் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்ணிடம் வருவது. எத்தனை பவுன் என்று பெண் வீட்டாரைப் பார்த்துக் கேட்பது அதற்கு நேர் எதிர்த்திசை. எந்த மதத்தவர் கேட்டாலும், 1961-இன் வரதட்சணைத் தடைச் சட்டப்படி அது குற்றம்.

ஆகவே கேட்ட தங்கைக்கு ஒரு நடைமுறைச் செய்தி. பெண்ணுக்குக் கல்யாணத்தில் கொடுக்கும் நகை அவளுடைய தனிச் சொத்து. கணவன் வீட்டார் அதை வெறுமனே பாதுகாப்பில் வைத்திருப்பவர்கள்தான் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்திருக்கிறது. தீர்ப்பைப் பயன்படுத்த ஆதாரம் வேண்டும். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகைகளில் ஆறு எழுத்தெண் கொண்ட தனி அடையாளக் குறியீடு இருக்க வேண்டும் என்பது கட்டாயம். நகை வாங்கும்போது ரசீதைப் பெண்ணின் பெயரில் போடச் சொல்லுங்கள்; ஒவ்வோர் உருப்படியின் குறியீட்டையும் எடையையும் தனியாக எழுதி, ரசீதின் நகலைப் பெண்ணே வைத்துக்கொள்ளட்டும்.